ஜன்னலின் இடது கீழ் மூலை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்து போகிற ஆள் நான். அரசாங்கக் கட்டடங்களின் தரத்தைச் சோதிக்கிற உத்தியோகத்தில்தான் என் தலை நரைத்தது. ஆஸ்பத்திரி, மாணவர் விடுதி, பழைய பங்களா என்று எங்கிருந்தாவது 'ஆவி நடமாட்டம்' என்று புகார் வரும். சிரிக்காதீர்கள், முறையாக ஃபைல் போட்டே வரும். போய்ப் பார்த்தால் ஓரிடத்தில் எலி, ஓரிடத்தில் ஆணி கழன்ற தகரம், இன்னோரிடத்தில் ராத்திரி டூட்டி பார்க்க இஷ்டமில்லாத வாட்ச்மேன். காரணம் இல்லாமல் ஒரு கதவுகூட அடித்துக்கொள்ளாது என்பது அன்றைக்கு என் கட்சி, இன்றைக்கும் அதே கட்சிதான். அதனால் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேறு யாராவது வந்து என்னிடம் சொல்லியிருந்தால், அவர் எதிரிலேயே கொட்டாவி விட்டிருப்பேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் அமாவாசை கிடையாது, நடுநிசி கிடையாது, நாய் ஊளையிடவில்லை. எல்லாம் பட்டப்பகலில், மந்தைவெளியில், மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டுகிற இரைச்சலுக்கு நடுவில் நடந்தது. நினைத்தால் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது. இதைச் சொல்லும்போதுகூடக் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஃப்ளாட் இரண்டாவது மாடி. மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து தெருவில் பாதி தகரத் தடுப்புக்கு உள்ளே போய்விட்டது, மீதிப் பாதி தூசியாகி எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. காலையில் துடைத்த மேஜையில் மதியம் விரலால் கையெழுத்துப் போடலாம். என் மனைவி வசந்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் இழுப்பு உண்டு. இந்தத் தூசி வந்த பிறகு அது 'கொஞ்சம்' என்கிற நிலையைத் தாண்டிவிட்டது. படியேறி வந்தால் பேச்சு வர வெகுநேரம் ஆகும். ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்து மீட்டு வந்தோம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தூசியை வீட்டுக்குள் விடாதீர்கள், இன்னொரு தடவை இப்படி மூச்சு முட்டினால் நான் எதுவும் உறுதி சொல்ல முடியாது என்றார். எனக்கு அது போதும். உத்தரவு என்று வந்துவிட்டால் நிறைவேற்றுவதுதான் என் பழக்கம்.

முதல் குற்றவாளி படுக்கையறை ஜன்னல். தெருவைப் பார்த்த பழைய தேக்கு ஜன்னல். அதன் இடது கதவு, கீழ் மூலையில் ஒருநாளும் முழுதாக மூடியதில்லை. நாங்கள் இங்கே குடிவந்த வருஷத்திலிருந்து அப்படித்தான். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் தச்சரை அழைத்து இழைக்கச் சொல்வேன், இழைத்த வாரமே அது பழையபடி விலகி நிற்கும். வசந்தா அந்த மூலைப் பக்கம் தலை வைத்துத்தான் படுப்பாள். அதில்தான் தனக்குக் காற்று வருகிறது, அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். வேறு எதையும் கேட்டு அவள் பிடிவாதம் பிடித்ததில்லை.

புது ஜன்னல் போடப்போகிறேன் என்றதும் முகத்தைச் சுளித்தாள்.

"தூசிதாம்மா உனக்கு எமன். அவன் வர்ற வழிய அடைக்கறேன்" என்றேன்.

"எமன் ஜன்னல் வழியாத்தான் வருவானா? நம்ம வீட்டு வாசல் அவனுக்குப் பிடிக்காதா?" என்றாள். அப்புறம் இருமினாள். அந்த இருமலோடு விவாதம் முடிந்தது.

யு.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் ஜன்னல் போடுகிற ஒரு கம்பெனியைப் பிடித்தேன். பெயர் சொல்லவில்லை, சொன்னால் நீங்கள் போய் அங்கேயே வாங்கினாலும் வாங்குவீர்கள். டை கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். அவரை உட்காரவைத்து வேலை எப்படி நடக்க வேண்டும் என்று விளக்கினேன். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நாலு பக்கமும் ஒரே சீராக ஒரு சுண்டுவிரல் பருமனுக்கு மேல் போகாமல் இடைவெளி விட வேண்டும், வெயிலில் சட்டம் விரியும், அதற்கு இடம் வேண்டும், அந்த இடைவெளியைப் பிரஷ்ஷால் தூசி தட்டி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, பிறகுதான் ஃபோம் என்கிற நுரையை அடிக்க வேண்டும், அது ஊதி இறுகிய பின் விளிம்போடு அறுத்து, வெளிப்புறம் சிலிக்கான் பூசி, மழைத்தண்ணீர் தெருப்பக்கம் வழிகிற மாதிரி அடியில் சரிவு கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சார், நீங்க எங்களுக்கே க்ளாஸ் எடுக்கறீங்க" என்றார். பாராட்டு என்று நினைத்து அவருக்குக் காபி கொடுத்தேன். அந்தக் காபிக்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

ஜன்னல் பொருத்திய அன்று வசந்தாவுக்கு ஏதோ பரிசோதனை என்று ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தோம். நாங்கள் திரும்புவதற்குள் வேலையை முடித்து, பெருக்கி, சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, வெள்ளை வெளேர் என்று. நான் அழகை நம்பமாட்டேன். ஒரு பென்சிலை எடுத்துச் சட்டத்தைச் சுற்றி ஓரமாகக் குத்திக்கொண்டே வந்தேன். மேலே சரி, வலது பக்கம் சரி. இடது கீழ் மூலைக்கு வந்ததும் பென்சில் சதக்கென்று உள்ளே போயிற்று. மேலே பூசியிருந்த பட்டியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிமென்ட் மூட்டைக் காகிதம், கசக்கிய டீ கப், ஒரு பாக்குப் பொட்டலம். சுவரை வெட்டும்போது கை தவறியிருக்கிறது. அந்த மூலையில் மட்டும் இரண்டு விரல் போகிற பள்ளம். அதில் குப்பையைத் திணித்து, மேலே பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து மறைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எந்த மூலை என்று கவனித்தீர்களா? நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. எனக்கு ஆத்திரத்தில் கண் தெரியவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டால், நீங்கள் எங்களுக்கு முக்கியமானவர் என்று ஒரு பெண் குரல் சொல்லும், பிறகு பாட்டு வாசிக்கும். டை கட்டியவர் எடுக்கவே இல்லை. நானும் விடவில்லை. கடைசியில் என் தொந்தரவு தாங்காமல் ஒரு மதியம் ஓர் ஆளை அனுப்பினார்கள். சேகர் என்று பெயர், சைதாப்பேட்டைக்காரன், காதில் சதா எதையோ மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே வேலை செய்கிறவன். ஃபோம் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வந்து, ரெண்டே நிமிஷம் சார் என்றான். நான் அவனை நிறுத்தினேன். முதலில் ஓட்டை எங்கெங்கே என்று சோதித்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும். அதற்குக் கருவியெல்லாம் வேண்டாம், ஓர் ஊதுவத்தி போதும். மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, ஊதுவத்தியைச் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்தினால் காற்று நுழைகிற இடத்தில் புகை ஆடிக் காட்டிக்கொடுக்கும்.

எங்கள் வீட்டில் ஊதுவத்தி ஏற்றுவதை நிறுத்தி வெகு காலமாயிற்று, வசந்தாவுக்குப் புகை ஆகாது. பூஜை அலமாரியின் பின்னால் ஒரு பழைய தாழம்பூ ஊதுவத்திப் பாக்கெட் கிடந்தது. அவளை ஹாலில் உட்காரச் சொல்லி, அறைக் கதவைச் சாத்தி, கதவடியில் ஒரு துண்டையும் சுருட்டி வைத்தேன்.

"இன்னா சார், வேலை முடியறதுக்கு முன்னாடியே ஜன்னலுக்குப் பூசையா?" என்றான் சேகர்.

"பூசை இல்லப்பா. திருடனப் பிடிக்கற வழி" என்றேன்.

மூன்று பக்கமும் புகை நேராக நின்றது. இடது கீழ் மூலைக்கு வந்ததும் அது வளைந்து சுவருக்குள் போயிற்று. காற்று அறைக்குள் அடிக்கும் என்று எதிர்பார்த்தேன், இது புகையை ஓட்டைக்குள் இழுத்தது. சரி, அப்படியும் உண்டு. ஆனால் இழுத்தது சற்று நின்றது. பிறகு அந்தப் பள்ளத்திலிருந்து புகை திரும்பி வந்து என் முகத்தில் பட்டது. மறுபடி நின்றது. மறுபடி உள்ளே போயிற்று. நிதானமாக, அவசரமே இல்லாமல், உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே.

"காத்து அழுத்தம் மாறும்போது இப்படி ஆகும்" என்று சேகருக்கு விளக்கினேன். அவன் கண்ணாடி வழியாக வெளியே எட்டிப் பார்த்தான். சாப்பாட்டு நேரம், தோண்டுகிற இயந்திரம்கூட நின்றிருந்தது. எதிர் வீட்டு மாடியில் கட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக் ஷீட் அசையாமல் தொங்கியது.

"காத்தே இல்லியே சார்."

"உன் கண்ணுக்குத் தெரியாது. வேலையப் பாரு."

அவன் வேலையைப் பார்க்கவில்லை. காதிலிருந்ததைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சாத்திய கதவின் பக்கம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டான். ஹாலில் வசந்தாவின் இழுப்புச் சத்தம். அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான், கதவைத் தாண்டிக் கேட்டது.

"சார், கோச்சுக்காதீங்க" என்றான், குரலைத் தாழ்த்தி. "அம்மா மூச்சு இழுக்கறப்போ பொகை உள்ள போவுது. வுடறப்போ வெளிய வருது. நீங்களே பாருங்க."

நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தேன். பார்த்துவிட்டு அவனைத் திட்டினேன். வீட்டில் நோயாளி இருக்கிற நேரத்தில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறாயா, உன் கம்பெனிக்காரன் குப்பையைத் திணித்ததை மறைக்கக் கதை கட்டுகிறாயா என்றெல்லாம் கேட்டேன். அவன் டப்பாவை எடுத்து அந்தப் பள்ளத்தில் ஃபோமை அடித்தான். தண்ணீர் தெளித்தானா என்று நான் பார்த்திருக்க வேண்டும், அந்த நேரம் பார்த்து எனக்குப் போன், 'எங்கள் சேவை திருப்தியா' என்று அதே பெண் குரல். நான் அவளிடம் என் திருப்தியை விவரித்துக்கொண்டிருந்தபோது ஃபோம் மஞ்சளாக ஊதி, பள்ளத்தை நிறைத்து, வெளியே பிதுங்கியது.

ஹாலில் சத்தம் நின்றுவிட்டது.

கதவைத் திறந்தேன். வசந்தா சோபாவின் விளிம்பில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்குகிற சத்தம் இல்லை. சத்தமே இல்லை. இன்ஹேலரை அடித்தேன், மறுபடி அடித்தேன். கண் என்னையே பார்த்தது. எப்படிப் படியிறக்கினோம், எப்படி ஆட்டோவில் ஏற்றினோம் என்று எனக்கு நினைவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள் என்று சேகரிடம் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், நெபுலைசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஒன்றும் அசையவில்லை. டாக்டர் நர்ஸைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. என் கை அவள் முதுகில் இருந்தது, முதுகு கட்டை மாதிரி இருந்தது. அப்போது என் போன் அடித்தது. எடுக்காமல் விட்டிருப்பேன், வீடு திறந்து கிடக்கிறதே என்று எடுத்தேன்.

"சார், அந்த ஃபோமு தன்னால வெளிய வந்து வுழுந்துட்டுது. சாமி சத்தியமா நான் கை வெக்கல. அம்மா எப்டி கீறாங்க?"

அவன் கேட்டு முடிப்பதற்குள் என் கைக்கு அடியில் அவள் முதுகு இளகியது. ஒரு நீளமான மூச்சு உள்ளே போயிற்று. இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் முகமூடியை விலக்கிவிட்டு, "வீட்டப் பூட்டினீங்களா?" என்றாள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ அதையேதான் நானும் நினைத்தேன். ஃபோம் நெடி, அதனால் மூச்சு முட்டியது. ஊசி மருந்து, அதனால் சரியானது. தூசி தட்டவில்லை, ஈரமாக்கவில்லை, அதனால் ஃபோம் பிடிக்காமல் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் சுத்தமாக ஒரு காரணம் இருக்கிறது. ஒரே நேரத்தில் நடந்தால் என்ன, உலகத்தில் எத்தனையோ ஒரே நேரத்தில் நடக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஃபோம் ஒரே துண்டாக, பேக்கரி பன் மாதிரி, அறைக்கு நடுவில் கிடந்தது. பிடிக்காமல் விழுந்தது ஜன்னலுக்கு நேர் கீழேதானே விழ வேண்டும். சரி, உருண்டிருக்கும்.

சேகர் வாசலுக்கு வெளியே செருப்பு மாட்டிக்கொண்டு நின்றிருந்தான், உள்ளே வரவில்லை. "எனக்கு இந்த எடம் வேணாம் சார். வேற ஆள அனுப்பச் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க அத அடைக்காதீங்க. புள்ளகுட்டிக்காரன் சொல்றேன்" என்றான். வேலையை அரைகுறையாக விட்டுப் போக இது ஒரு புது வழியா என்று கேட்டேன். படியிறங்கிப் போய்விட்டான்.

வேறு ஆள் வரவில்லை. வருவான் என்று நீங்களும் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். தினமும் காலையில் அந்த மூலைக்குக் கீழே செம்மண் கோடு போட்ட மாதிரி தூசி படிந்திருக்கும், வசந்தா தினமும் இருமுவாள். மழைக்காலம் நெருங்கியது. டாக்டர் சொன்னது காதிலேயே இருந்தது. கடைசியில் இந்த ஊரில் எந்த வேலையையும் நாமே செய்தால்தான் உண்டு என்று முடிவுக்கு வந்தேன். நெடி அடிக்கிற எதுவும் வேண்டாம், வெறும் சிமென்ட், மணல், தண்ணீர். அவள் வீட்டில் இருக்கவும் வேண்டாம். ஒரு காலையில் அவள் காய்கறி வாங்கத் தெற்கு மாட வீதிக்குப் போனாள். அவள் ஆட்டோ தெருமுனை திரும்பியதைப் பார்த்துவிட்டுக் கொத்தனார் கரணையை எடுத்தேன்.

பள்ளத்தைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். தண்ணீர் தெளித்தேன். அடைப்பதற்கு முன்னும் பின்னும் சோதித்து ஒப்பிட வேண்டும் என்பது முறை, அதனால் ஊதுவத்தியை ஏற்றி ஜன்னல் விளிம்பில் ஒரு வாழைப்பழத் துண்டில் குத்தி வைத்தேன். புகை உள்ளே போயிற்று, வெளியே வந்தது. அன்றைக்கைவிட இன்று கொஞ்சம் வேகம். ஆட்டோவிலிருந்து இறங்கிக் கடைவீதியில் நடந்துகொண்டிருப்பாள் என்று ஓர் எண்ணம் வந்தது, அதை உடனே துரத்தினேன். கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து, குச்சியால் இடித்து, கடைசி உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

புகை நேராக நின்றது. நூல் பிடித்த மாதிரி. என் உத்தியோகத்தில் அவ்வளவு சுத்தமான முடிவை நான் பார்த்ததில்லை. "பாத்தியா சேகரு" என்று வாய்விட்டே சொன்னேன்.

போன் அடித்தது. வசந்தாவின் எண். பேசியது வேறு ஒரு பெண்.

"ஐயா, இந்தம்மா வூட்டுக்காரா? நான் கீரைக் கடைலேர்ந்து பேசறேன். அம்மா நின்னுக்கினே இருந்தவங்க அப்டியே உக்காந்துட்டாங்க. மூச்சே வரல. கண்ணு சொருவுதுயா."

பையில் இன்ஹேலர் இருக்கிறது, அதை அடிக்கச் சொன்னேன். அடித்தாகிவிட்டது, ஒன்றும் கேட்கவில்லை என்றாள். ஆட்டோவில் ஏற்று என்றேன். ஆட்டோக்காரனைக் கூப்பிட்டிருக்கிறோம், தெரு அடைத்துக் கிடக்கிறது, வண்டி உள்ளே வர முடியவில்லை, நீ வாய்யா என்றாள். தோண்டிப்போட்ட அந்த ரோடுகளைச் சுற்றிக்கொண்டு நான் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அவ்வளவு நேரம் கிடையாது என்பதும் தெரியும்.

புத்தியுள்ள எந்தப் புருஷனும் அந்த நிமிஷத்தில் படியிறங்கி ஓடியிருப்பான். நான் திரும்பிப் புகையைப் பார்த்தேன். அது நேராக நின்றுகொண்டிருந்தது. அசையவே இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்தேன்.

என்னவெல்லாம் திட்டினேன் என்று இங்கே சொல்ல முடியாது. கம்பெனிக்காரனைத் திட்டினேன், டை கட்டியவனைத் திட்டினேன், ரோட்டைத் தோண்டியவர்களை, சேகரை, டாக்டரை, படித்த படிப்பை எல்லாம் மறந்துவிட்டு ஒரு சுவரைக் குத்திக்கொண்டு நிற்கிற என்னை. அந்தக் கலவை வைத்துச் சில நிமிஷங்கள்கூட ஆகவில்லை. சிமென்ட் இறுகுவதற்கு ஒரு கால அளவு உண்டு, அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விரலால் வழித்தால் வந்திருக்க வேண்டும். கல் மாதிரி இருந்தது. கரணையின் பிடியால் திருப்புளியின் தலையில் அடித்தேன். அடித்து, அடித்து, ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி அது உள்ளே போயிற்று.

புகை மொத்தமும் அந்த ஓட்டைக்குள் பாய்ந்தது. இழுத்த இழுப்பில் ஊதுவத்தியின் நுனி பளீரென்று சிவந்தது, அடுப்பை ஊதினால் கங்கு சிவக்குமே, அப்படி. அதே நேரம் கீழே போனில் கேட்டது. கிணற்றில் வாளி உரசிக்கொண்டு ஏறுகிற மாதிரி ஒரு நீண்ட மூச்சு.

"வந்துட்டுது, மூச்சு வந்துட்டுதுயா" என்றாள் கீரைக்காரி. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

புகை திரும்பி வந்து என் முகத்தில் பட்டது. போனில் வசந்தா மூச்சை விட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கீரைக்கட்டுகளுக்கு நடுவில் ஒரு பலகை மேல் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தாள். "கையெல்லாம் சிமென்ட்டோடவா ஓடி வருவாங்க? என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். இன்றுவரை அவளிடம் அதற்குமேல் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த மூலையைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, ஒருவழியா விட்டுட்டீங்களா" என்றாள். தன் பிடிவாதம் ஜெயித்தது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ளட்டும்.

அதன் பிறகு ஒருநாள் கம்பெனியிலிருந்து ஆள் வந்தான், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று. நான் வாசலிலேயே நின்று போ என்றேன். இத்தனை நாள் வராதவன் இப்போது வருகிறான் பாருங்கள். எங்கள் மகள் அம்மாவைப் பார்த்துவிட்டு, இந்தத் தூசியில் இருக்க வேண்டாம் என்று கோயம்புத்தூரில் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். என்னையும் கூப்பிட்டாள். வீட்டை யார் பார்ப்பது என்றேன். கட்டடத்துக்கு வெளிப்புறம் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். வெடிப்பு, இடைவெளி எதையும் விடாமல் அடைத்த பிறகே பெயின்ட் என்று குடியிருப்போர் சங்கத்துக்கு விதிமுறை எழுதிக் கொடுத்தவனே நான்தான். இப்போது என் ஜன்னல் பக்கம் யாரும் கை வைக்கக்கூடாது என்று அவர்களோடு சண்டை. வயசாயிடுச்சு, பாவம் என்று செயலாளர் மாடிப்படியில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும். நான் இந்த வீட்டை விட்டுப் போக முடியாது, அவ்வளவுதான்.

சில மதியங்களில் ஊதுவத்தி ஏற்றிப் பார்ப்பேன். ஆய்வு என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் அத்தனை தூரத்தில் இருக்கிறாள், புகை இங்கே உள்ளே போகிறது, வெளியே வருகிறது. மெதுவாகப் போனால் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதில், எப்படிச் சொல்வது, எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது அவளே போன் செய்தாள்.

"என்னங்க, வீட்ல ஊதுவத்தி ஏத்தியிருக்கீங்களா?"

ஏன் கேட்கிறாய் என்றேன்.

"தெரியல. தாழம்பூ வாசனை. இங்க யாரும் ஏத்தல, எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். கொஞ்ச நாளாவே மத்தியானம் ஆனா…" முடிக்க முடியாமல் இருமினாள்.

ஊதுவத்தியைப் பிடுங்கித் தண்ணீர்க் குவளையில் அமிழ்த்தினேன். அணையும்போது கனமாக ஒரு புகை எழுந்து அந்த மூலைக்குள் போயிற்று. அது முழுக்கப் போய் முடிகிறவரை அவள் போனில் இருமிக்கொண்டே இருந்தாள். பிறகு, இப்பச் சரியாயிடுச்சு என்றாள்.

அந்தப் பாக்கெட்டைக் கொண்டுபோய்த் தெருக்குப்பையில் போட்டுவிட்டேன். ஆனால் ரோடு வேலை இன்னும் முடியவில்லை. தினமும் விடிந்ததும் முதல் வேலையாக ஈரத்துணியால் அந்த மூலையை அழுத்தாமல் துடைக்கிறேன். எத்தனை துடைத்தாலும் மறுநாள் காலையில் செம்மண் தூசி படிந்திருக்கிறது. தூசியின் நடுவே, சுவருக்குள் இழுபட்ட மாதிரி ஒரு கோடும் இருக்கிறது.